நன்னீருக்கு வந்த கடற்புழு

கண்டி மாநகரைக் கடலோடு சேர்த்து எண்ணுவார் அரியர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ, நடுவே ஒரு வாவியும் ஒருபுறம் மகாவலியுமாக அமைந்த நகர் இது. இங்கு நீரென்றால் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த வாவியின் நீர். அந்தானை மலையிலிருந்து இறங்கி வரும் ஓடைகளின் நீர். ஆண்டின் பாதிக்கு மேல் ஓயாத மழை நீர். கடல் பற்றிய பேச்சு, விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போய்வரும் பேராதனை மாணவரோடு வந்து, அவர்களோடு போவது. இத்தகைய மலைநகரில் இருந்துகொண்டு கடற்புழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் புகுவது, பாலைநிலத்தில் நின்று நெய்தற்றிணை பாடுவது போலத் தோன்றலாம். ஆனால் கடல் இம்மலைகளுக்குள் எப்போதோ ஏறி வந்துவிட்டது. அது வந்த வழி புழுவின் வழி.

உடவத்தகலைக் காட்டில் மழை ஓய்ந்த மாலைப்பொழுதில் நடந்தவர் எவரும் அட்டையை மறக்கமாட்டார். காலுறைக்குள் நுழைந்து, கடித்த வலியே தெரியாமற் குருதியுண்டு, வீடு திரும்பிய பின்னரே தான் வந்த செய்தியைச் சிவப்பாக அறிவிக்கும் உயிர் அது. இந்நிலவட்டைக்கு இலங்கையின் பெயரையே சேர்த்து ‘செய்லானிக்கா’ என்று பெயரிட்டவர் பிரான்சு நாட்டவரான மொக்கின் தாந்தொன், ஆண்டு 1826. அட்டையும் மண்புழுவும் கடலில் வாழும் பல்சிலிர்முட் புழுக்களும் வளையப்புழுக்கள் என்னும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. பழைய பாடநூல்கள் இம்மூன்றையும் அருகருகே மூன்று வகுப்புகளாக நிறுத்தின. அண்மைப் பத்தாண்டுகளில் மரபணுக்களை ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளோ வேறு செய்தி கூறுகின்றன. மண்புழுவும் அட்டையும் கடற்புழுக்களுக்கு உடன்பிறந்தார் அல்லர்; அவற்றின் வழித்தோன்றல்கள். கடற்புழுக் குடும்பமென்னும் பெருமரத்தின் ஒரு கிளையே நன்னீருக்கும் நிலத்துக்கும் நீண்டு, உடவத்தகலை வரை வந்து, வழிப்போக்கரின் காலைப் பற்றுகின்றது.

தமிழில் இவையனைத்துக்கும் ‘புழு’ என்ற ஒரு சொல்லே பெரிதும் போதுமாயிருந்தது. மண்புழு, நாங்கூழ், அட்டை என்று சில பிரிவுகள் உண்டாயினும், மாம்பழத்துள் நெளிவதும் புழு, புண்ணில் நெளிவதும் புழு, கடற்சேற்றில் நெளிவதும் புழு. மாணிக்கவாசகரின் சிவபுராணம் உயிர் எடுத்துழலும் பிறவிகளை வரிசைப்படுத்துகையில் புழுவுக்கும் ஓரிடம் தருகின்றது. ஆனால் எந்தப் புழு என்று கேட்கவில்லை. அது அவர்தம் நோக்கமுமன்று. இதனைத் தமிழின் குறைபாடாக எடுத்துரைக்க விழைவோர், சுவீடனின் லின்னேயஸ் செய்ததையும் நினைத்தல் தகும். விலங்குகளின் பெயரீட்டுக்குத் தொடக்கநூலாக இன்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ள அவரது நூலின் 1758 ஆம் ஆண்டுப் பதிப்பில், முதுகெலும்பில்லாதனவற்றுட் பூச்சியினத்தை மட்டும் வேறாக எடுத்துவிட்டு, மண்புழு, நத்தை, சிப்பி, இழுது முதலிய அனைத்தையும் ‘வேர்மீஸ்’, அதாவது புழுக்கள், என்ற ஒரே மூட்டைக்குள் கட்டினார் அவர். அவ்வகையில் நத்தையையும் சிப்பியையும் இரண்டறிவுயிர்களென்று வேறாக வைத்த தொல்காப்பிய மரபியல் சற்றுத் திருத்தமாகவே நடந்துகொண்டது எனலாம். மூட்டையை அவிழ்த்துப் பிரிக்கும் வேலை பின்வந்தோருக்கு விடப்பட்டது. அவ்வேலை இன்னும் முடியவில்லை. பல்சிலிர்முட் புழுக்களில் மட்டும் 11,000க்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. ஆண்டுதோறும் புதியன சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

புதிய இனமொன்றைக் கண்டுபிடித்தல் என்றால், எவரும் காணாத உயிரொன்றை முதன்முதலாகக் காண்பது என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. உண்மையில் காண்பது எளிது. அதனை முன்னர் எவரும் விவரிக்கவில்லை என்று நிறுவுவதே கடினம்.

கடற்சேற்றை அள்ளி நுண்ணிய சல்லடையிலிட்டு அலசினால் புழுக்கள் எஞ்சும். பலவற்றின் உடல் சிறிது முரட்டுத்தனமாகக் கையாண்டாலே துண்டுபட்டுப் போகும். ஆகவே முதலில் மக்னீசியங் குளோரைட்டுக் கரைசலில் இட்டு அவற்றை மயங்கச் செய்வர். பின் போமலினிற் பதப்படுத்தி, 70 வீத மதுசாரத்துக்கு மாற்றிச் சேமிப்பர். மரபணுவை ஆராய வேண்டுமாயின் போமலின் உதவாது. அதற்கென ஒரு சிறு துண்டைத் தனியே தூய மதுசாரத்தில் வைக்க வேண்டும். மதுசாரம் உடலைக் காக்கும், நிறத்தைக் காக்காது. பச்சையும் செம்மையுமாய் மின்னிய புழு சில வாரங்களில் வெளிறிய நூல்போலாகிவிடும். உயிரோடிருக்கையில் நிறத்தைக் குறித்துவைக்காதவர் பின்னர் அதனை எங்கும் பெறமுடியாது.

அதன் பின்னர் நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணிக்கை தொடங்குகின்றது. தலையிற் கண்கள் எத்தனை, உணர்கொம்புகள் எத்தனை. தாடையுண்டெனில் அதில் எத்தனை பற்கள். சுவாசத்துக்குரிய பூக்கள் எத்தனையாவது துண்டத்தில் தொடங்கி எத்தனையாவதில் முடிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு துண்டத்தின் பக்கப்பாதத்திலிருந்தும் கற்றையாக நீளும் சிலிர்முட்கள். மயிர்போல் மெலிந்தவை, சீப்புப்போற் பற்களுடையவை, கொக்கிபோல் வளைந்தவை, இடையில் மூட்டுடையவை என அவை பலவகை. மனிதரைக் கைரேகையால் அடையாளங் காண்பதுபோலப் புழுவைச் சிலிர்முள்ளால் அடையாளங் காண்பர். ஒரு முள்ளின் நுனியில் இரு பற்களா ஒரு பல்லா என்பது, இரண்டு இனங்களைப் பிரிக்கப் போதிய காரணமாகிவிடுவதும் உண்டு.

இத்தனையும் முடிந்த பின்னரே நூலக வேலை வருகின்றது. உறவுடைய இனங்கள் அனைத்தினதும் பழைய விவரணங்களைத் தேடி எடுக்கவேண்டும். அவை இலத்தீனிலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் ரூசிய மொழியிலும் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளாகச் சிதறிக் கிடப்பவை. கலைப்பீட மாணவர் இவ்விடத்திற் சற்று நின்று பார்த்தால், இது தமக்குப் பழக்கமான தொழிலே என்பது புலனாகும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பாடம் ஒப்பிட்ட தொழிலுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. பழைய விவரணம் ஐயம் தருமாயின், அவ்விவரணத்துக்கு ஆதாரமான மூலமாதிரியைத் தேடிப் போகவேண்டும். மூலமாதிரி என்பது, இனத்துக்குப் பெயரிட்டவர் ‘இப்பெயர் இவ்வுடலுக்கே உரியது’ என்று சுட்டி, அரும்பொருட்சாலையில் வைப்பித்த ஒரு புழு. பதிப்பாசிரியருக்குப் புலவன் தன் கைப்பட எழுதிய ஏடு கிடைப்பதில்லை. புழுவாராய்ச்சியாளருக்கு அது கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் இலண்டனிலோ பாரிசிலோ பேர்லினிலோ கிடைக்கும்.

மூலமாதிரியைப் பாராமல் பெயரிட்டதால் நேர்ந்த குழப்பத்துக்கு மார்பைசா சங்குவினியா என்னும் புழு நல்ல சான்று. இங்கிலாந்தின் தென்கரையிலே பெறப்பட்ட புழுவுக்கு மொன்டேகு என்பார் 1813 இல் இட்ட பெயர் அது. பின்னர் உலகின் எக்கடற்கரையில் அதனையொத்த புழு அகப்பட்டாலும் அப்பெயரே சூட்டப்பட்டது. இந்துசமுத்திரப் புழுவும் அப்பெயரைச் சுமந்தது. 2003 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் புழுவை மீண்டும் நுணுகி ஆராய்ந்தபோது, அதே பெயரில் வழங்கிவந்த அவுஸ்திரேலியப் புழு வேறோர் இனமென்பது தெளிவாகிப் புதுப்பெயர் பெற்றது. அதன் பின்னர் வேறு கரைகளின் புழுக்களும் ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கப்படுகின்றன. இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா ஆகியவற்றின் கடற்புழுக்களுக்கு நெடுங்காலம் கைந்நூலாக விளங்கியது பிரெஞ்சு அறிஞர் போவெல் 1953 இல் வெளியிட்ட பெருநூல். அதன் உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் ஐரோப்பியப் பெயர் தாங்கி அதனுள் இருக்கும் இக்கடற் புழுக்கள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழ்களை இன்று மீண்டும் சரிபார்க்க வேண்டியுள்ளது.

இலங்கைக் கடற்புழுக்களை விவரித்த முயற்சிகளுள் ஒன்று முத்தின் பொருட்டே எழுந்தது. புழுவின் மேல் எழுந்த அன்பினால் அன்று. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு ஆண்டாண்டாகப் பொய்த்துப்போகவே, பிரித்தானிய அரசாங்கம் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை 1902 இல் வரவழைத்தது. அவரும் அவருக்குத் துணையாய் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல்லும் செய்த ஆய்வின் பயன் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. முத்து உண்டாவதற்குக் காரணம் சிப்பிக்குள் நுழையும் நாடாப்புழுவின் இளவுயிரே என அவர்கள் வாதிட்டனர். அரசியரின் கழுத்தணி ஒரு புழுவின் கல்லறையென்ற அக்கொள்கை அன்று பரபரப்பாய்ப் பேசப்பட்டுப் பின்னர் மறுப்புக்கும் உள்ளாயிற்று. அவ்வறிக்கையிற் பல்சிலிர்முட் புழுக்களைப் பற்றிய பகுதியை எழுதியவர் அக்காலத்திற் கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராயிருந்த ஆர்தர் வில்லி. முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்து வாழும் புழுவொன்றுக்கு 1905 இல் அவர் பொலிடோரா ஹோர்னெல்லி என்று தோழரின் பெயரைச் சூட்டினார். சிப்பிகளை அள்ளிக் கொடுத்த தமிழ்க் குளியாளிகளின் பெயர் எதுவும் அவ்வாறு புழுவேறவில்லை. புழுவுக்குத் தம் பெயரை இடுவதை அவர்கள் பெருமையாகக் கொண்டிருப்பரோ என்பது வேறு விடயம்.

சிப்பியின் ஓட்டைத் துளைக்கும் கடற்புழு இருப்பது இயல்பு. ஆற்று நத்தையின் ஓட்டைத் துளைக்கும் கடற்புழுக் குடும்பத்துப் புழு இருக்குமானால் அது வியப்பு. அத்தகைய புழுவொன்று உண்டு. அதற்கு இலங்கையின் பெயரும் உண்டு.

பிரெஞ்சுப் படை மருத்துவர் பில்லே என்பார் இன்றைய வடவியட்நாமின் காவோ பாங் பகுதியில் நன்னீர் நத்தைகளின் ஓட்டினுள் ஒரு சிறு புழுவைக் கண்டார். பாரிசில் இருந்த அல்பிரெட் ஜியார் 1893 இல் அதனை விவரித்து, ஊர்ப்பெயரையும் மருத்துவர் பெயரையும் இணைத்துக் காவோபாங்கியா பில்லெட்டி என்று பெயரிட்டார். அதன் பின்னர் எண்பத்தோராண்டுகள் அச்சாதியில் அந்த ஓரினமே தனித்து நின்றது. 1974 இல் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெரிடித் ஜோன்ஸ் என்பவர் ஒரே ஆய்வேட்டில் ஆறு புதிய இனங்களை அதனோடு சேர்த்தார். அவற்றுள் ஒன்று காவோபாங்கியா இண்டிக்கா. மற்றொன்று காவோபாங்கியா சிலோனிக்கா.

சில மில்லிமீற்றர் நீளமே உடைய இப்புழுவின் உடலமைப்பு, வாழுமிடம் உடலை எவ்வாறு வளைக்கும் என்பதற்கு ஒரு பாடம். பவளப்பாறைகளில் விசிறிபோல் விரிந்து நிற்கும் சபெல்லிடே என்னும் புழுக் குடும்பம் இதன் நெருங்கிய சுற்றம். ஜோன்ஸ் இதனைத் தனிக்குடும்பமாகவே கொண்டார்; பின்வந்தோர் சபெல்லிடேயுட் சேர்த்துவிட்டனர். விசிறிப்புழுவைப் போலவே இதற்கும் தலையில் இழைமுடி உண்டு. துளையின் வாயில் அம்முடியை நீட்டி நீரிலுள்ள நுண்துகள்களைப் பற்றும். துளையோ ஒருபக்கம் மட்டும் திறந்த குருட்டறை. பின்வாயில் இல்லாத வீட்டில் கழிவை எங்கே கொட்டுவது? ஆகவே இப்புழுவின் உணவுக்கால்வாய் பின்னே சென்று மடங்கி மீண்டும் முன்னே வருகின்றது. குதம் தலைப்புறத்திலேயே திறக்கின்றது. உடலின் பின்பகுதி பருத்து ஒரு குடுவை போலாகி ஓட்டினுள் அடங்கிவிடுகின்றது. கடலில் நெடிய குழாய்களுக்குள் வாழும் உறவினரோடு வைத்துப் பார்த்தால் இது அதே குடும்பமென நம்புவதே கடினம். சிலிர்முட்களும் இழைமுடியுமே மரபைக் காட்டிக்கொடுக்கின்றன.

பெயரிலும் ஒரு செய்தி பொதிந்துள்ளது. சிலோன் என்ற நாட்டுப்பெயர் 1972 மே 22 இல் அரசியல் யாப்பினால் நீங்கி இலங்கை குடியரசாயிற்று. புழுவுக்குச் சிலோனிக்கா என்ற பெயர் வந்தது அதற்கு ஈராண்டுகள் கழித்து. பெயரீட்டு விதிப்படி முறையாக வெளியிடப்பட்ட பெயர், பிழையான நாட்டையே சுட்டினாலும், பொருத்தமின்மை காரணமாக மாற்றப்படமாட்டாது. நாடு தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். நாட்டின் புழு மாற்றிக்கொள்ள முடியாது. இதே ஜோன்ஸ்தான் பின்னர் 1981 இல் ரிஃப்டியா என்னும் பெரும்புழுவுக்கும் பெயரிட்டவர். கலாபகசுத் தீவுகளருகே ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்திலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் 1977 இல் முதன்முதலாகக் காணப்பட்டது அது. இரண்டு மீற்றர் வரை வளர்வது. வாயும் குடலும் அறவே இல்லாதது. உலகமே அதனைப் பற்றிப் பேசிற்று. நத்தையோட்டுப் புழுவைப் பற்றி இலங்கையிலேயே பேச்சில்லை. இரண்டுக்கும் செலவான கவனம் ஒன்றே என்பதை அவ்விவரணங்களைப் புரட்டுவோர் உணர்வர்.

புழுக்களுக்கு இங்கிருந்தே பெயரிட்டவர்கள் இல்லாமலில்லை. இராணுவ மருத்துவரான ரெம்பிள்ரன் 1844 இல் இலங்கையின் நீலநிறப் பெருமண்புழுவை விவரித்தார். அவர் அமைத்த சாதியின் பெயரையொட்டியே மெகாஸ்கோலெசிடே என்ற பெருங்குடும்பம் இன்றளவும் வழங்குகின்றது. பேராதனைக்கு வருவோமாயின், இங்கு விலங்கியற் பேராசிரியராய்ப் பணியாற்றிய ஹிலரி குருஸ் இலங்கைக்கே உரிய பழங்குடி விலங்குகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகளைத் தொடராக ஆராய்ந்தார். அவரும் மில்ஸ் என்பாரும் 1970 இல் விவரித்த முட்டலைப்புழுவொன்றின் இனப்பெயர் செரண்டிபென்சிஸ். சிலோனையும் இலங்கையையும் விடுத்து அராபியர் வழங்கிய செரண்டிப் என்ற பெயரைத் தேர்ந்தமை, அரசியல் மாற்றங்களுக்கு எட்டாத பெயரொன்றை நாடியது போலவே தோன்றுகின்றது. அது கடற்புழுவன்று, வளையப்புழுவுமன்று. எனினும் மகாவலிக் கரையில் வேலைசெய்தவர் இட்ட பெயர் உலகப் பட்டியலில் ஏறியதற்கு அது சான்று. ஐந்தாண்டுகளின் பின்னர் அதே புழுவை அவர் மீண்டும் விவரித்தார். முதல் விவரணத்தோடு நின்றுவிடாத அந்நேர்மை, புதிய இனங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதிலும் மேலானது.

இவ்வளவையும் எழுதியவர்கள் ஆங்கிலத்தில், பிரெஞ்சில், இலத்தீனில் எழுதினர். பேராதனை விடுதியொன்றில் மலையகத்துக் கலைப்பீட மாணவர் ஒருவர், நுணுக்குக்காட்டிப் படங்களை வரைந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்து விலங்கியல் மாணவரிடம் இதைப் பற்றி வினவினார்.

“ஏன் மச்சான், இத தமிழ்ல எழுதுனா ஏத்துக்க மாட்டாங்களா?”

“ஏற்கலாம் எண்டுதான் விதியில கிடக்கு. ஆனால் ஆர் வாசிக்கிறது?”

விதி மெய்யாகவே அவ்வாறுதான் கூறுகின்றது. தாவரங்களுக்கு 2011 ஆம் ஆண்டு முடியும்வரை இலத்தீன் விவரணம் கட்டாயமாயிருந்தது. விலங்குகளுக்கு அக்கட்டாயம் இல்லை. 2000 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விலங்கியற் பெயரீட்டு விதிக்கோவையின் நான்காம் பதிப்பு, பெயரை மட்டுமே இலத்தீன் எழுத்தில் எழுதப் பணிக்கின்றது. விவரணத்தின் மொழியை விதிக்கவில்லை. பிரித்தறியும் குறிப்பைப் பலநாட்டு விலங்கியலாளரும் வாசிக்கும் மொழியில் எழுதுமாறு பரிந்துரைத்துவிட்டு, அவ்வுயிர் வாழும் பகுதியில் வழங்கும் மொழிகளிலும் அதனைத் தருமாறு கேட்டுக்கொள்கின்றது. இது பரிந்துரையே, கட்டளையன்று. பரிந்துரையின் முற்பாதியை எல்லோரும் பின்பற்றுகின்றனர். பிற்பாதி பெரும்பாலும் ஏட்டளவில் உறங்குகின்றது. மன்னார்ப் புழுவுக்கும் மலையகப் புழுவுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பத்திக் குறிப்பு எழுதுவது எவருடைய புலமையையும் குறைத்துவிடாது.

‘ஆர் வாசிக்கிறது’ என்ற கேள்வியைத் தட்டிக்கழித்தலும் முறையன்று. பாடசாலையிலே உயிரியலைத் தமிழிற் கற்று வரும் மாணவர் பல்கலைக்கழகத்தில் அதனை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கின்றனர். கற்ற கலைச்சொற்கள் வாயிலறையிலேயே கழற்றி வைக்கப்படுகின்றன. மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மனிதவுடலின் எலும்பும் நரம்பும் ஒன்றுவிடாமல் தமிழில் விவரித்து நூல் வெளியிட்டார். எழுத முடியாது என்பதன்று அவர் காலத்துப் பிரச்சினை. அவர்க்குப் பின் தொடர ஆளில்லாமற் போனதே பிரச்சினை.

சொற்கள் உண்டா என்று பார்ப்பதற்கு, காவோபாங்கியாவை எடுத்து இவ்வாறு ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கலாம்: நன்னீர் நத்தையின் ஓட்டைத் துளைத்து அதனுள் வாழும் சிறு வளையப்புழு. தலையில் இழைமுடி உடையது. பின்னுடல் பருத்துக் குடுவை போன்றது. உணவுக்கால்வாய் பின்சென்று மடங்கி முன்னோக்கித் திரும்புவது. குதம் முன்னுடலில் திறப்பது. இக்குறிப்பில் விளங்காத சொல் எதுவுமில்லை. ஆயினும் இது சாதியின் இயல்பை மட்டுமே சொல்கின்றது. சிலோனிக்காவை இண்டிக்காவிலிருந்து பிரிக்கப் புகுந்தால் நிலைமை மாறும். சிலிர்முள் என்ற சொல் பாடநூல்களில் உண்டு; அதன் தண்டு, கழுத்து, நுனிப்பல், நுனிமேல் வரும் சிறு முகடு ஆகியவற்றுக்கு நிலைத்த சொற்கள் வேண்டும். இழைமுடியின் ஒரு தனி இழைக்கும் அவ்விழையிலிருந்து பிரியும் கிளையிழைக்கும் வெவ்வேறு சொல் வேண்டும். அகராதிக் குழுவொன்று கூடி இவற்றை ஆக்கும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. நுணுக்குக்காட்டியிற் கண்ணை வைத்திருப்பவர், கண்டதை எழுத வேண்டிய நெருக்கடியில் ஆக்கும் சொல்லே நிற்கும். ‘பூக்கள்’ என்று மீனின் சுவாசவுறுப்புக்குப் பெயர் வைத்தவர் மீனை அறுத்துப் பார்த்தவராகத்தான் இருந்திருப்பார்.

புழுவைப் பற்றிய பேச்சு நத்தையில் முடிவது தவிர்க்க முடியாதது. புழுவுக்கு வீடு அதுவே. மத்திய மலைநாட்டு ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் பலுடோமஸ் சாதி நத்தைகளுட் பல இனங்கள் உலகில் வேறெங்குமில்லாதவை. அவை ஓடும் நீரின் உயிர்கள். பொல்கொல்லையில் மகாவலி 1976 இல் மறிக்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டளவில் விக்டோரியாவும் கொத்மலையும் நிரம்பின. பழைய தெல்தெனிய நகர் நீருள் மூழ்கிற்று. மின்விளக்கும் வயல்நீரும் வேண்டாமென்று எவரும் கூறார். மலைச்சரிவிலிருந்து ஓடைக்கு வந்துசேரும் மண்ணும், மரக்கறித் தோட்டங்களிலிருந்து கழுவுண்டு வரும் நச்சுமருந்தும் அணையிலும் சிறியனவாகத் தோன்றினும் நத்தைக்கு அவையே பெரியன. ஓடையில் ஓர் இன நத்தை அற்றுப்போனால் நத்தையை அறிந்தவர் வருந்துவர். அதனோட்டில் இருந்த புழுவுக்காக வருந்த, அது இருந்தது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

விலங்கியல் மாணவர் நத்தையொன்றை எடுத்தால் வழக்கமாக ஓட்டை உடைத்து உள்ளுடலை வெளியே எடுப்பர். ஓடு குப்பைத்தொட்டிக்குப் போகும். ஓட்டை எறியுமுன் கழுவித் திருப்பி, அதன் மேற்பரப்பில் ஊசிமுனையளவான துளை ஏதுமுண்டா என்று பார்க்க ஒரு கைவில்லை போதும்.